மூக்கு இடம் மாறிய வீடு

பதினைந்து வருடங்களாக மலைக்கும் சமவெளிக்கும் இடையே இரண்டு பொட்டலங்கள் போய்வந்துகொண்டிருந்தன. திருச்சியிலிருந்து நான் சுருட்டு அனுப்புவேன். குன்னூரிலிருந்து நஞ்சப்பன் தேயிலைத்தூள் அனுப்புவார். அந்த ஆனி மாதம் ஒருநாள் போனில் கூப்பிட்டு, "சுருட்டு இனி அனுப்பாதீங்க. வீணாப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபம் இருந்தால் சண்டை போடலாம். கோபமே இல்லாத குரல் அது. நான்கு வகைச் சுருட்டைத் தகர டப்பா ஒன்றில் அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் சிநேகம் உறையூரில் ஒரு சுருட்டுக் கடை வாசலில் பிறந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மலையிலிருந்து இறங்கி வந்திருந்த மனிதர், சுருட்டுக் கட்டு ஒன்றிலிருந்து ஒன்றை உருவி, பற்றவைக்காமலே மூக்கின் கீழ் வைத்துக் கண்ணை மூடினார். "இது மழையில நனைஞ்சு மறுபடி காஞ்ச இலைங்க" என்றார். கடைக்காரர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு கட்டு கொண்டுவந்தார். அதே கடையில் பத்து வருடமாக வாங்குகிறவன் நான். எனக்கு ஒருநாளும் உள்ளேயிருந்து கட்டு வந்ததில்லை. அங்கேயே அவர் பின்னால் போய்விட்டேன்.

அவர் தொழில் அப்படி. கோத்தகிரி சாலையில் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். அரைத்த இலை காற்றில் கிடந்து சிவக்கும்போது, பச்சை வாடை இறங்கிப் பழ வாசனை எழுகிற ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் அதை டிரையர் சூட்டுக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தூள் பச்சையாய்க் கடிக்கும். பிந்தினால் சாறு செத்துப்போகும். கணத்தைச் சொல்ல வேண்டியது மூக்கு. அதனாலேயே நஞ்சப்பனுக்கு வாரத்துக்கு ஒரே சுருட்டு, சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு தொழிற்சாலை கிடையாது, மூக்கு தெளிந்துவிடும். நான் நாளைக்கு மூன்று பிடிக்கிறவன். அவருடைய அந்த ஒன்றின் பக்கத்தில் என் இருபத்தொன்றும் வெறும் புகை.

புதன்கிழமை, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கிய பஸ் பர்லியாரில் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் இறங்கி மங்குஸ்தான் வாங்கினோம். தோலை நசுக்கினால் உள்ளே வெள்ளைச் சுளை, பால் குடித்த குழந்தை வாயைத் திறந்தது போல. பக்கத்து சீட்டுப் பெண்மணி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அதுக்குள்ள என்னமோ மணக்குதே?"

"சுருட்டுங்க."

"அதானே பாத்தேன். எங்க ஊட்டுச் சுருட்டுக்கார மனுசன்கிட்ட இருந்து ரெண்டு நாள் தப்பிச்சு எங்கம்மா ஊட்டுக்குப் போலாம்னு பஸ் ஏறுனா, பக்கத்து சீட்டுலயே வந்து உக்காந்துட்டாரு!"

"அக்கா, வேற சீட்டு தரட்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

"வேண்டாம், இருக்கட்டும். பழகிப்போச்சு."

மறுபடி பஸ் புறப்பட்டதும் அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார், வளைவுகளில் வாந்தி வராமலிருக்க. நான் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். குன்னூர் வரை அந்தப் பழம் எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்தது.

திருச்சியில் சுருட்டு காய்ந்து வெடிக்கும். டப்பாவுக்குள் ஒரு வெற்றிலையைப் போட்டு வைத்தால்தான் தோல் இளகும். இங்கே நேர்மாறு. குன்னூர் பஸ் நிலையத்தில் இறங்கிய நிமிஷமே மேகம் சட்டைக்குள் புகுந்தது. டப்பாவைத் திறந்தால் சுருட்டுகள் மேகத்தைக் குடித்துவிடும், பிறகு பற்றாது. எனக்கும் பற்றவில்லை. பேருக்கு ஒரு வர்க்கி தின்றேன், டீ குடித்தேன். நஞ்சப்பன் குடையோடு வந்து நின்றார். இரண்டு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். டீமேக்கருக்கான பழுப்புக் கோட்டு தோளில் தொங்கியது.

"வாங்க, வாங்க. எதுக்குங்க இத்தனை அலைச்சல்?"

"நீ வேண்டாம்னு சொன்னா நான் விட்டுடுவேனாய்யா?"

பதினைந்து வருடமாக நான் 'யா' போடுகிறேன், அவர் 'ங்க' போடுகிறார். கொங்குக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டாலும் அந்த 'ங்க' நடுவில் நிற்கும். அதுவே ஒரு கதகதப்பு.

தொழிற்சாலை கொடுத்த வீடு. இரண்டு அறை, தகரக் கூரை, கூரையில் மழை. மனைவி தெய்வானை அதே தொழிற்சாலையில் இலை பரப்புகிற, கூட்டுகிற வேலை. ஆறு மணிக்குத்தான் வருவாள். நான் டப்பாவைத் திறந்தேன். கருப்பட்டிப் பாகு தடவிய உறையூர்ச் சுருட்டை, அவருக்கு மிகப் பிடித்ததை, எடுத்து நீட்டினேன். வாங்கி மூக்கின் கீழ் வைத்தார். கண்ணை மூடவில்லை. ஒரு குச்சியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"பத்த வைங்க, காட்டறேன்" என்றார்.

பற்றவைத்துக் கொடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்துப் புகையை வாயில் வைத்திருந்து விட்டார்.

"சூடு தெரியுதுங்க. கசப்பு தெரியுது. வாசம் மட்டும் உள்ள வர்றதில்ல. ஊருக்கே வந்துச்சில்லீங்க அந்தக் காய்ச்சல், அதுல போனது. நாலு மாசம் ஆச்சு."

"அப்போ தொழிற்சாலையில்?"

கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "தெய்வானைதாங்க. இலைகிட்ட நின்னு கூட்டற மாதிரி நிப்பா. நேரம் வந்ததும் தலைத்துண்ட அவுத்துக் கட்டுவா. அதப் பாத்து நான் 'தள்ளு'ம்பேன். இந்த நாலு மாசத்துத் தூளும் அவ மூக்குங்க."

"முதலாளிக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா மூக்கில்லாத டீமேக்கர வெச்சு அவர் என்ன பண்ணுவாரு? வேலையும் போயிரும், இந்த ஊடும் போயிரும். இந்த ஊடு வேலையோட வந்ததுங்க."

அந்த இடத்தில் நான் டப்பாவை மூடியிருக்க வேண்டும். மாறாக எனக்கு ஒரு ஆசை வந்தது. காரமான சுருட்டு ஒன்று போய் அந்த மூக்கின் கதவைத் தட்டினால் திறந்துவிடாதா? ஒவ்வொன்றாக வெட்டிப் பற்றவைத்தேன். திண்டுக்கல்லின் மெல்லியது. யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அயல்நாட்டுத் தடியன். நானே இலை வாங்கிக்கொடுத்துச் சுற்றச் சொன்ன, கண்ணில் நீர் வரவைக்கிற ஒன்று. நஞ்சப்பனுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. "அதைக் குடுங்க, இத ஒருக்கா பாத்தரலாம்" என்று மாற்றி மாற்றி இழுத்தார். மழை உள்ளே அடித்ததால் ஜன்னலைச் சாத்தினோம். சனிக்கிழமை விதியை நான் நினைவுபடுத்தியபோது, "மூக்கே இல்லாதவனுக்கு என்னங்க விதி?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்த தெய்வானை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னண்ணே, வூட்டுக்குள்ளயே பாய்லர் வச்சிட்டீங்களா?"

ஜன்னலைத் திறந்தாள். சாரல் கட்டிலில் விழுந்தது. நஞ்சப்பன் எழுந்து சாத்தினார். அவள் அடுப்படிக்குப் போய் இருமினாள். அவளுடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். அந்த வீட்டின் சமையல் இன்னும் கடல் தாண்டி வரவில்லை. தேங்காய் ரொட்டி, மாசிக் கருவாடு போட்ட சம்பல், கையில் ஒரு துண்டு கருப்பட்டியோடு பால் ஊற்றாத தேநீர். அதைப் 'பிளேன் டீ' என்றாள். அந்தப் புகையிலேயே சுட்டாள், அந்தப் புகையிலேயே சாப்பிட்டோம். மூக்கு மட்டும் திறக்கவே இல்லை.

வியாழன் விடிகாலை என்னையும் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே நுழைந்ததும் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பச்சை வாடை, வெட்டிய புல்லும் வெள்ளரிக்காயும் சேர்ந்தாற்போல. தரையில் பரப்பிய இலைத்தூள் செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. தெய்வானை விளக்குமாறோடு ஓரமாக நின்றாள். நஞ்சப்பன் அதிகாரமாக நடந்து கைப்பிடித் தூளை எடுத்து முகர்ந்தார். எவ்வளவு நன்றாக நடிக்கிறார்! அவள் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். முகர்ந்தாள். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி. வாசல் பக்கம் போய் வெளிக்காற்றை இழுத்துவிட்டு வந்து மூன்றாவது முறை. அப்புறம்தான் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினாள். "தள்ளு!" என்றார் நஞ்சப்பன். அவள் ஏன் மூன்று முறை முகர்ந்தாள் என்று நான் யோசிக்கவில்லை. உலகத்தின் மிக அழகான ரகசியத்தைப் பார்த்துவிட்ட மிதப்பில் வெளியே வந்தேன்.

பகல் முழுக்கச் சுற்றினேன். அருவங்காட்டில் இறங்கி ஒரு டீக்கடையில் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு நெருப்புக் கேட்டேன். கடைக்காரர் பின்னாலிருந்த பலகையைக் காட்டினார். வரிசையாக நெருப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு குறி. வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்வது. உள்ளே ஒரு குச்சி போகக்கூடாது.

"அதுல ஒண்ணத் தரலாமா?"

"ஐயோ, அது அவுங்கவுங்க நெருப்புங்க. இந்தாங்க, கடை நெருப்பு" என்று தன்னுடையதைக் கொடுத்தார்.

வேலை முடிந்து வந்த ஒருவர் தன் பெட்டியை எடுத்துக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நேத்து பதினாலு இருந்துச்சு. குட்டி போடும்னு பாத்தா ஒண்ணு கொறையுது!" என்றார். கடையே சிரித்தது. அங்கேயே உட்கார்ந்து அயல்நாட்டுத் தடியனின் மிச்சத்தைப் பிடித்தேன். விலை உயர்ந்தது, மணம் உயர்ந்தது, ஆனால் வரவேற்பறை போல இருந்தது. எனக்குப் பிடிக்கிற சுருட்டில் யாராவது குடியிருக்க வேண்டும்.

நான் திரும்பி வந்தபோது கணவனும் மனைவியும் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போகவில்லை. நாலு மணி, முதலாளி தூளை ருசி பார்க்கிற நேரம். அன்றைய தூளை வாயில் வைத்த உடனே துப்பியிருக்கிறார். "நஞ்சப்பா, சாறு செத்துக் கெடக்குது. நாளைக்குக் காலையில பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"எனக்குத் தெரியலண்ணே" என்றாள் தெய்வானை. "பழவாசம் வரும் வரும்னு நின்னேன். அது வந்துட்டுப் போயிருச்சு. மூக்குக்குள்ள முழுக்க சுருட்டுதான் உக்காந்திருந்துச்சு."

மூவரும் மழையைப் பார்த்தோம். இருபத்திரண்டு வருடம் தன் மூக்கைக் கண்போலக் காத்த மனிதர், இப்போது அந்த மூக்கு எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். அது அவர் முகத்திலிருந்து அடுப்படிக்குப் போய்விட்டிருந்தது. நாங்கள் சாத்திய ஜன்னலுக்குள் அது ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது.

"நீயாவது சொல்லியிருக்கலாமே தெய்வானை" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"எப்பிடிண்ணே சொல்றது? நாலு மாசமா இந்த மனுசன் சோத்தத் தின்னது வயித்துக்காகத்தான். நேத்துத்தான் மொகத்துல ஒரு ஆசையப் பாத்தேன். 'அதக் குடுங்க, இதக் குடுங்க'ன்னு புள்ளைங்க மாதிரி. எந்திரிச்சுப் போங்கன்னு எனக்கு வாய் வருமா?"

நஞ்சப்பன் எழுந்து உள்ளே போனார். ஜன்னல் திரை, கம்பளி, தலையணை உறை என்று புகை ஏறியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து குழாயடியில் போட்டு, அந்தக் குளிரில், அந்தத் தண்ணீரில், மிதித்தார். நானும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினேன். கால் விறைத்து, யாருடைய கால் எது என்று தெரியவில்லை. தெய்வானை ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போனாள், சுத்தமான காற்றுக்காக. போகிற போக்கில், "சோப்பு அதிகம் போடாதீங்க, அதுவும் மூக்குல ஏறும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. முதலாளி நீலகிரிப் படகர், அறுபது வயதிருக்கும், கம்பளித் தொப்பி, வாயில் வெற்றிலை. நஞ்சப்பன் ஒன்றையும் மறைக்கவில்லை. காய்ச்சலிலிருந்து சுருட்டு வரை சொன்னார். சொல்லி முடித்து, கழுத்துவரை போட்டிருந்த கோட்டுப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நாலு மாசமா என் ஃபேக்டரிய கூட்டற பொம்பள ஓட்டுனாளா?" முதலாளி குரல் கூரையில் மோதியது.

"ஓட்டுனேன் மொதலாளி" என்றாள் தெய்வானை. "நேத்தத் தவிர ஒருநாளாவது துப்புனீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு நஞ்சப்பனிடம், "நீ வெளிய நில்லு. இப்ப இருக்கற இலைய அவ சொல்லட்டும். நானும் பாக்கறேன்" என்றார். நானும் நஞ்சப்பனும் கதவோரம் நின்றோம். அவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. பிடித்தது அவருக்கே தெரியாது.

இருபது நிமிஷமா, இரண்டு யுகமா. தெய்வானை குனிந்து ஒரே முறை முகர்ந்தாள். "இப்ப" என்றாள்.

முதலாளி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "இல்ல. பச்ச இன்னும் இருக்குது. அஞ்சு நிமிஷம் போகட்டும்."

"இப்பத்தான் மொதலாளி."

"நாப்பது வருசமா தூள் பாக்கறேன், எனக்கே சொல்றியா?"

"நீங்க வெத்தலை போட்டிருக்கீங்க. அதுல கிராம்பு வச்சிருக்கீங்க. உங்க மூக்குல இப்ப கிராம்புதான் உக்காந்திருக்கு."

இயந்திரம் ஓட்டுகிற ஆட்கள் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்கள். முதலாளி வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பாதித் தூளை அவள் சொன்ன நேரத்தில் அனுப்பினார், பாதியைத் தான் சொன்ன நேரத்தில். நாலு மணிக்கு இரண்டு கோப்பைகளும் மேசைக்கு வந்தன. முதல் கோப்பையை உறிஞ்சினார். இரண்டாவதை உறிஞ்சினார். மறுபடி முதலாவதுக்கு வந்தார். அதைத் துப்பவில்லை, முழுவதும் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, தெய்வானையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"திங்கக்கிழமையில இருந்து இவ பாத்துக்கட்டும். நஞ்சப்பா, நீ டிரையருக்குப் போ. அதுக்குக் கண்ணும் கையும் போதும். ஊட்ட காலி பண்ண வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதானா அந்தச் சுருட்டு? இங்கிருந்து நூறு அடிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார்.

"சரிங்க முதலாளி" என்றார் நஞ்சப்பன். மூவரும் வீட்டுக்கு நடந்தோம். இருபத்திரண்டு வருடத்துப் பெயர் ஒரு கோப்பையில் போய்விட்டது. மெல்ல இருட்டிக்கொண்டு வந்த பாதையில் ஒரு இடத்தில் நின்றார். கோட்டைக் கழற்றித் தெய்வானையின் தோளில் போட்டார். அது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கியது. "கையை மடிச்சுத் தைக்கணும் புள்ள" என்றார். அவள் அழுதாள். அவர் அழவில்லை. நான் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள், சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்டிருந்தது. சாலை வளைவு வரை போவோம் என்று தெய்வானைதான் கிளப்பினாள். வீட்டுக்குள் இனி நெருப்பு கிடையாது என்று அவள் சொல்லிவிட்டாள். டீமேக்கர் சொல்லுக்கு மறுபேச்சு ஏது. கீழே மேட்டுப்பாளையத்துச் சமவெளி புழுதி நிறத்தில் கிடந்தது, எங்கள் ஊர் வெயில் அங்கேயே நின்று அண்ணாந்து பார்ப்பது போல. டப்பாவில் மிச்சமிருந்தவற்றை எடுத்தேன். நஞ்சப்பன் கை நீட்டவில்லை.

"எதுக்குங்க. எல்லாம் எனக்கு ஒரே சூடுதான்."

தெய்வானை டப்பாவை என்னிடமிருந்து வாங்கினாள். பற்றவைக்காத சுருட்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"இது மாட்டுச்சந்தை" என்று திண்டுக்கல்லை ஒதுக்கினாள். "இது பேங்க்ல ஃபேன் சுத்தற ரூமு" என்று இன்னொரு அயல்நாட்டுத் தடியனை. என் காரச் சுருட்டுக்கு முகத்தைச் சுளித்து, "இது சண்டைக்கார மாமியா" என்றாள். நஞ்சப்பன் இரண்டு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பாகு தடவிய உறையூர்ச் சுருட்டிடம் வந்தபோது அவள் இரண்டு முறை முகர்ந்தாள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, காற்று வருகிற பக்கமாகப் பத்து அடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

நான் பற்றவைத்தேன். அவர் இழுத்தார். சாம்பல் வெள்ளையாக நின்றது.

"என்ன வாசம் புள்ள இது?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"கல்யாணமாகி வந்தோம்ல" என்று அங்கிருந்தே கத்திச் சொன்னாள். "மொத வாரம் பூரா மழை. பாய், தலகாணி எல்லாம் நனைஞ்சு போச்சு. அப்புறம் ஒருநாள் வெயில் அடிச்சுச்சு. எல்லாத்தையும் கல்லு மேல காயப்போட்டோம். சாயங்காலம் அந்தப் பாயை எடுத்து உள்ள விரிச்சீங்களே, அது."

நஞ்சப்பன் கண்ணை மூடினார். நீளமாக ஒரு இழுப்பு. புகையை வெகுநேரம் உள்ளே வைத்திருந்தார்.

"ஆமா" என்றார்.